ஸ்டூடியோ சாவி

எங்கள் கல்லூரி வானொலியின் சாவி முதல்வர் அறையில், தினசரி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஜெனரேட்டர் ஷெட், விளையாட்டுச் சாமான் அறை, பழைய ஆய்வகம் எல்லாவற்றின் சாவியும் அங்கேதான். காலை பத்து மணிக்கு ஒலிபரப்பு. ஒன்பதே முக்காலுக்கு எங்களில் ஒருவர் போய், நோட்டில் பெயரும் வகுப்பும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்க வேண்டும். முதல்வர் வரத் தாமதமானால் அன்றைக்கு ஒலிபரப்பும் தாமதம். நேயர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து விடாமல் கேட்டவர், கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர்தான். அவரும் எங்கள் ஆரோக்கியக் குறிப்புகள் ஆரம்பித்ததும் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்.

ஊர் பெயரும் கல்லூரி பெயரும் வேண்டாம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நிலையங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னோடி சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி அது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பொதுச்சொத்துதான், ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு அதில் ஒரு மூலையைக் கொடுத்தபோது அரசு ஒரு நிபந்தனையும் சேர்த்தே கொடுத்தது: செய்தி கூடாது, அரசியல் கூடாது. ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர், முப்பது மீட்டருக்கு மேல் போகாத கோபுரம். பத்து கிலோமீட்டர் எட்டும் என்பார்கள். எங்களுடையது பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே இரைச்சல்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர். மைக் முன்னால் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், எங்கள் வீட்டுக்கு அலைவரிசை எட்டாது என்றபோதும்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, டிசம்பர் 10, மனித உரிமைகள் நாளுக்கு அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று கேட்டார்கள். எங்கள் வகுப்பில் பறை அடிக்கும் நண்பன் ஒருவன் இருந்தான். அவன் தாத்தா சாவுக்கு அடித்தவர். ஒரு கட்டத்தில் இனி அடிக்க மாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு, அதற்கான விலையையும் கொடுத்தவர். பேரன் அதே பறையை மேடையில் அடிக்கக் கற்றுக்கொண்டான். இந்தக் கதையை அவனே சொல்வதாகவும், இடையிடையே அடிப்பதாகவும் திட்டம். இரண்டாவது பகுதிக்கு விடுதி துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவரிடம் பேசினேன். ஒப்பந்த வேலை. மூன்று மாதச் சம்பளம் நிலுவை. மாடிப்படியில் உட்கார்ந்து பதினோரு நிமிடம் பேசினார். என் ஃபோனில்தான் பதிவு செய்தேன். பின்னணியில் பக்கெட் இழுபடும் சத்தம் கூட இருக்கும்.

ஸ்கிரிப்ட் மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாவது மேசையிலிருந்து திரும்பி வந்தபோது, அக்கா பேசிய பக்கம் முழுக்க குறுக்கே சிவப்புக் கோடு. நண்பனின் தாத்தா கதைக்கும் கோடு. பறைக்குப் பக்கத்தில் மட்டும், "நாட்டுப்புறக் கலை, நல்லது. நேரத்தைக் கூட்டலாம்" என்று எழுதியிருந்தது. ஆக, அடிப்பதில் பிரச்சினை இல்லை, அடிக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. மிச்சமிருந்த நேரத்தை நிரப்ப, 1948-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முப்பது பிரிவுகளையும் மாறி மாறி வாசித்தோம். வேலை செய்கிறவருக்கு நியாயமான கூலி என்று சொல்லும் 23-ஆம் பிரிவு என் பங்குக்கு வந்தது. அதற்கு யாரும் கோடு போடவில்லை.

நண்பன் அதற்கப்புறம் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. நான் போனேன். மூன்றாம் ஆண்டு வரைக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினேன்.

2019 ஜூலையில் முதுகலை படிக்க ஆஸ்திரேலியா, பிரிஸ்பேன் வந்தேன். வாடகை கட்ட, ஒரு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அங்கே கழுவும் தொட்டிக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ரேடியோ ஒன்று எந்நேரமும் ஓடும். காய் நறுக்கும் வெள்ளைக்காரப் பையன் வைத்துவிட்டுப் போன அலைவரிசை, 102.1. முதல் நாள் அதில் வந்த பாட்டைக் கேட்டபோது, இரும்புக் கடையில் லாரிச் சரக்கை இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மாற்றப் போனேன்.

"பிள்ளை, உதை மாத்தாதையும்."

தலைமைச் சமையற்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், என் அப்பாவை விட மூத்தவர், ஆனால் சமையலறையில் எல்லோருக்கும் அண்ணை. "பாட்டு எனக்கு ஒரு சாமானும் விளங்காது. இடையில கதைப்பினம் பாரும், அதைக் கேக்க வேணும்."

அது ஆகஸ்ட் கடைசி வாரம். பிரிஸ்பேனிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிலோயெலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை நாடு கடத்த விமானம் ஏற்றியிருந்தார்கள். இரவோடு இரவாக நீதிமன்றத் தடை வாங்கி, விமானம் டார்வினில் இறக்கப்பட்டது. பிறகு அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். (2022 ஜூனில்தான் அவர்களால் பிலோயெலா திரும்ப முடிந்தது.) மற்ற நிலையங்களிலும் இந்தச் செய்தி வந்தது. ஆனால் இந்த நிலையத்தில் அதைச் சொன்ன பெண்ணின் குரலில் கோபம் இருந்தது. அதை மறைக்க அவள் சிரமப்படவும் இல்லை. ரேடியோவில் அப்படிப் பேசலாம் என்பதே எனக்குப் புதிது.

"இது என்ன ஸ்டேஷன் அண்ணை?"

"ஸெட். யூனிவர்சிட்டிப் பெடியள் துவங்கினது."

4 ட்ரிபிள் ஸெட் (4ZZZ) என்பது முழுப்பெயர். அண்ணை சொன்ன யூனிவர்சிட்டி நான் படித்துக்கொண்டிருந்த குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமேதான். வளாகத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. புதிய மாணவர்களுக்கான சுற்றுலாவில் ஏரியையும் வாத்துகளையும்தான் காட்டினார்கள். அப்புறம் நூலகத்தில் தேடி, பழைய ஆட்களிடம் கேட்டு, நானே சேகரித்ததுதான் கீழே வருவது.

பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அப்போது ஊர்வலம் போக போலீஸ் அனுமதி வேண்டும். 1967 செப்டம்பரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஏறக்குறைய நாலாயிரம் மாணவர்களும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூசியா வளாகத்திலிருந்து நகருக்கு நடந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டு ஜோ பெல்கி-பீட்டர்சன் மாநிலப் பிரதமராக வந்தார். வந்தவர் 1987 டிசம்பர் வரை, பத்தொன்பது ஆண்டுகள் நாற்காலியை விடவில்லை. 1971-இல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் மட்டுமே கொண்ட ரக்பி அணி ஆட வந்தது. நிறவெறி நாட்டோடு விளையாட்டு வேண்டாம் என்று மாணவர்கள் கிளம்பினார்கள். ஒரு ரக்பி ஆட்டத்துக்காக மாநிலம் முழுவதும் அவசரநிலை அறிவித்தார் ஜோ. அணி தங்கியிருந்த டவர் மில் விடுதிக்கு எதிரே கூடியவர்களைப் போலீஸ் இருட்டில் சரிவான பூங்காவுக்குள் விரட்டி விரட்டி அடித்தது. அன்று அடிவாங்கிய மாணவர்களில் ஒருவரான பீட்டர் பீட்டி, 1998-இல் அதே மாநிலத்துக்குப் பிரதமரானார். அது வேறு கதை.

தெருவில் கண்ணால் பார்ப்பது ஒன்று, மறுநாள் பேப்பரில் வருவது இன்னொன்று. இப்படியிருந்த ஊரில்தான் ஜிம் பீட்சனும் அவர் கூட்டாளிகளும் சொந்தமாக ஒரு வானொலி வேண்டும் என்று கிளம்பினார்கள். மாணவர் சங்கம் பணமும் இடமும் கொடுத்தது. 1975 டிசம்பர் 8, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, வளாகத்துச் சங்கக் கட்டிடத்திலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. அதற்கு நாலு வாரம் முன்புதான் ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லமின் ஆட்சியைக் கவர்னர் ஜெனரல் கலைத்திருந்தார். ஐந்து நாள் கழித்துப் பொதுத்தேர்தல். அந்த நேரத்தில் அவர்கள் முதலில் போட்ட பாட்டு, தி ஹூ குழுவின், இனி ஏமாற மாட்டோம் என்று பொருள்படும் தலைப்புள்ள பாட்டு. பாட்டு எட்டரை நிமிடம். இப்போது எந்தத் தனியார் எஃப்.எம். அவ்வளவு நேரம் ஒரே பாட்டை விடும்?

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பாட்டும் போராட்டமும் அங்கே எப்படி ஒட்டின என்பதற்கு நான் பெரிய தத்துவக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் ரொம்பச் சாதாரணமானது. அப்போது பிரிஸ்பேனில் எஃப்.எம்.மில், ஸ்டீரியோவில், முழு ஆல்பமாக ராக் இசை கேட்க வேண்டுமென்றால் இந்த ஒரு நிலையம்தான். வணிக எஃப்.எம். நிலையம் அந்த ஊருக்கு 1980-இல்தான் வந்தது. ஆக அரசியலில் துளி ஆர்வமில்லாத பையனும், புதிதாக வாங்கிய ஸ்டீரியோ செட்டைச் சோதித்துப் பார்க்க இதைத்தான் வைத்தாக வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில், நேற்று எந்தத் தெருவில் யாரைப் போலீஸ் தூக்கியது என்ற செய்தி வந்துவிடும். பாட்டுக்காக வந்தவன் செய்தியையும் கேட்டுவிட்டுத்தான் போவான்.

பணமும் பாட்டிலிருந்துதான். ஜாயின்ட் எஃபர்ட் என்ற பெயரில் வளாகத்து உணவுக்கூடத்தில் கச்சேரிகள் நடத்தினார்கள். பகலில் சாப்பாட்டு மேசைகள், இரவில் அதே கூடத்தில் பங்க் எனும் முரட்டு ராக் இசைக் குழுக்கள். டிக்கெட் காசு ஸ்டூடியோவுக்கு. போலீஸுக்கு இந்தக் கூட்டங்களே கண்ணில் விழுந்த தூசி. 1977 செப்டம்பரில் ஜோ, அரசியல் ஊர்வலங்களின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து மொத்தமாகத் தடை போட்டார். அக்டோபர் 22 அன்று தடையை மீறி நடந்தவர்களில் 418 பேர் ஒரே நாளில் கைது. மூன்று பேர் சேர்ந்து நடந்தால் ஊர்வலமா என்று அந்த ஊரில் ஜோக் ஓடிய காலம். அத்தகைய ஊரில், சனிக்கிழமை இரவு ஆயிரம் இளைஞர்கள் ஓரிடத்தில் கூடிக் கத்துவதற்கு இசை ஒன்றுதான் சாக்கு.

நான் கல்லூரியில் பார்த்த "நாட்டுப்புறக் கலை, நல்லது" இங்கே வந்து உறைத்தது. அங்கே பாட்டை வைத்துப் பேச்சைக் கொண்டுபோனார்கள். நாங்கள் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் ஸெட்டை மேலே தூக்கி வைத்துக் கும்பிடவும் எனக்கு மனமில்லை. அதன் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அது அவமானப்பட்ட பகுதிதான். பத்தொன்பது ஆண்டு ஆட்சி, தனிப்பிரிவுப் போலீஸ், தடைச்சட்டங்கள் இவற்றால் எல்லாம் அந்த நிலையத்தை மூட முடியவில்லை. ஜோ 1987 டிசம்பர் 1 அன்று பதவி விலகினார். அதற்கப்புறம் ஒரே ஆண்டில், 1988 டிசம்பர் 14 அதிகாலையில், ஒலிபரப்பை நிறுத்தி வெளியே போகச் சொன்னவர்கள் போலீஸ் இல்லை. மாணவர் சங்கத்தின் புதிய நிர்வாகம், வலதுசாரி அணியைச் சேர்ந்த மாணவர்கள். காவலாளிகளோடு வந்தார்கள். கட்டிடம் சங்கத்துடையது, சாவி சங்கத்துடையது. செய்தி பரவி ஆதரவாளர்கள் திரண்டு ஸ்டூடியோவைத் திரும்பப் பிடித்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் கடைசியில் வளாகத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. முதலில் பக்கத்தில் டூவாங்கில் ஓரிடம். 1992-இல் ஃபார்ட்டிட்யூட் வேலி என்ற நகரப் பகுதியில், பாரி பரேடு தெருவில், கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகமாக இருந்த கட்டிடத்தை வாங்கிக் குடியேறினார்கள். கட்சி அதற்கு முந்தைய ஆண்டு தன்னைத் தானே கலைத்துக்கொண்டிருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சங்கம் வளர்த்தது, சங்கமே பூட்டியது. இதை முதன்முதலில் படித்தபோது நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். எனக்குக் காலண்டருக்குப் பக்கத்து ஆணி ஞாபகம் வந்தது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், வீட்டுக்காரர் மாறும் வரைக்கும். இப்போது ஸெட்டின் செலவுக்குக் காசு கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சந்தாதாரர்கள். ஆண்டுக்கொருமுறை 'ரேடியோத்தான்' என்ற நிதி திரட்டல் வைத்து, காற்றிலேயே கெஞ்சுவார்கள். நாள் முழுக்க நடக்கும் அந்தக் கெஞ்சலைச் சகிப்பது சுலபமில்லை. அண்ணை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் ஃபோன் பண்ணிக் கட்டுவார். பாட்டுக்கு இல்லையாம், கதைக்கிறதுக்காம்.

அந்தப் பேச்சு யாருடையது என்பதும் மெல்ல மாறியிருக்கிறது. தொடக்கத்தில் வெள்ளைக்கார மாணவர்கள், அதுவும் பெரும்பாலும் பையன்கள். 1980களில் குயின்ஸ்லாந்துப் பூர்வகுடி மக்கள் முர்ரி ஹவர் என்று சொந்த நிகழ்ச்சி தொடங்கினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1993-இல் 4 ட்ரிபிள் ஏ என்ற தனி நிலையமே பிரிஸ்பேனில் எழுந்தது. அங்கே அதிகம் ஒலித்தது கன்ட்ரி இசை, அதுதான் அவர்களுடைய ஆட்கள் விரும்பிக் கேட்டது. கோபத்துக்கு பங்க் இசைதான் பொருத்தம் என்று யார் சொன்னது? ஸெட்டில் சிறையில் இருப்பவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வெளியே இருக்கும் குடும்பத்தார் பாட்டுக் கேட்டு, ஒரு வரி செய்தியும் சேர்த்து அனுப்புவார்கள். மாமா உடம்பு தேறிவிட்டார், சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், இப்படி. நான் கேட்ட மனித உரிமைப் பேச்சுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

2020-இல் கொரோனா வந்து சமையலறை பாதி நாள் மூடிக்கிடந்தது. அப்போது பிரிஸ்பேனின் கங்காரு பாயின்ட் பகுதியில் ஒரு தங்கும் விடுதிக்குள், மருத்துவத்துக்கென்று, ஆஸ்திரேலியாவின் அகதி முகாம்கள் இருந்த மானுஸ், நவ்ரு தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அகதிகள் சுமார் 120 பேரை அடைத்து வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அவர்கள் பால்கனியில் அட்டைகளோடு நின்றார்கள். கீழே மெயின் ஸ்ட்ரீட்டில் நாங்கள் நின்றோம், ஆறடி இடைவெளி விட்டு. யாரோ ஒருவர் ஸ்பீக்கர் கொண்டுவருவார். மேலே இருப்பவர்கள் சொல்லும் பாட்டைக் கீழே போடுவோம்; பாரசீகப் பாட்டு, அரபுப் பாட்டு. எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. மேலே கை அசையும். ஸெட் செய்திக்குழுவில் இருந்த ஒரு பெண், ஃபோனை நீட்டியபடி கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். அதே மெயின் ஸ்ட்ரீட்டில், நடக்கிற தூரத்தில், பல மொழிகளில் ஒலிபரப்பும் 4இபி நிலையம் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. அண்ணை வீட்டில் வார இறுதியில் ஓடுவது அதுதான்.  அகதிகள் இருந்த விடுதியை 2021 ஏப்ரலில் காலி செய்தார்கள்.

அந்தப் பெண்தான் என்னைப் பாரி பரேடுக்கு அழைத்துப் போனாள். சில வாரப் பயிற்சி. மிக்சர் பலகை, நேரக் கணக்கு, அவதூறுச் சட்டம் கொஞ்சம். புதிதாக வருகிறவர்களுக்கு நள்ளிரவுக்கு மேல் நேரம் கொடுப்பார்கள். அதற்கு அங்கே கிரேவ்யார்டு என்று பெயர். சுடுகாட்டு ஷிஃப்ட் என்று நான் தமிழாக்கிக்கொண்டேன். என் முதல் ஷிஃப்டுக்குக் கதவு திறக்க யாரிடமும் கையெழுத்துப் போடவில்லை. ஸ்கிரிப்ட் எங்கே காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லூரியில் நாங்கள் எல்லாவற்றுக்கும் அரசு விதியைத்தான் குறை சொன்னோம். செய்தி கூடாது என்கிறது சட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்று. ஆனால் ஒரு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து தன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது செய்தி அறிக்கையா? சட்டம் அதைத் தடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிவப்புப் பேனா தடுத்தது. அந்தப் பேனாவைக் கேள்வி கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு இல்லை என்று சொல்வதுதான் சரி. நண்பனுக்கு இருந்தது, அதனால்தான் அவன் வராமல் போனான்.

மூன்றாவது ஷிஃப்டில், விடியற்காலை மூன்று மணிக்கு, அந்தப் பழைய நிகழ்ச்சியைப் போட்டேன். நண்பன் புதிதாகப் பதிவு செய்து அனுப்பிய பறை. சுடுகாட்டு ஷிஃப்ட் என்று சொன்னதற்குத் திட்டிக்கொண்டேதான் அனுப்பினான், நாங்கள் வெளியே கொண்டுவர நீ திரும்ப அங்கேயே கொண்டுபோகிறாயா என்று. அவன் தாத்தா கதையை ஆங்கிலத்தில் நான் சொன்னேன். அப்புறம் அக்காவின் பதினோரு நிமிடம், பெயர் சொல்லாமல், தமிழிலேயே. பக்கெட் சத்தத்தோடு. நடுநடுவே நிறுத்தி மொழிபெயர்த்தேன். ஒரு லாரி டிரைவர் மெசேஜ் அனுப்பியிருந்தார், அந்த மேளத்துக்கு என்ன பெயர், எங்கே கிடைக்கும் என்று. காலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது, ஆறு வருடக் கடனை அடைத்த மாதிரி இருந்தது.

அண்ணை அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை. நிலையத்தின் தளத்தில் பழைய ஒலிபரப்பைத் திரும்பக் கேட்கலாம் என்று காட்டிக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, வெங்காயம் வதக்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட புரோகிராம் கேட்டனான். தமிழ் கேட்டது நல்லா இருந்தது."

"தேங்க்ஸ் அண்ணை."

"அந்த மனுசிக்கு பேந்து சம்பளம் குடுத்தவையோ?"

அடுப்புச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நின்றேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாது அண்ணை," என்றேன். "நான் கேக்கவே இல்ல."